ஊற்றுப்பள்ளத்தை மூடுவதற்கு முன்

அப்பு,

வருகிற திங்கட்கிழமை ஜேசிபி மலைக்கு ஏறுகிறது என்று உன் அப்பா சொன்னார். நீ என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன பேசுவேன் என்று உனக்குத் தெரியும். அதற்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்கும் தெரியும். போன வாரம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இருவரும் குரலை உயர்த்தியது போதும். உன் அப்பா ரசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, ஒரு பள்ளத்துக்கா இந்த வீட்ல இம்புட்டுச் சண்டை? மலையில எத்தனையோ பள்ளம் கெடக்கு, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க" என்றாரே, அப்போது நமக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது. பாதியில் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போகவும் முடியாது. போனாலும் காகிதம் மேசை மேல் காத்திருக்கும்.

தோட்டம் இப்போது உன் பொறுப்பு. அப்பாவுக்கு மூட்டுவலி வந்து ஜீப்பில் ஏற முடியாமல் போனபிறகு சில வருடங்கள் நான் பார்த்துக்கொண்டேன். கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு நீ வந்ததும் உன்னிடம் ஒப்படைத்தேன். நாற்பதைத் தாண்டி அதிக நாள் ஆகாத ஒருத்தி ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். உன்னையும் என்னையும் சேர்த்துப் பார்த்து அக்காவா என்று கேட்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இருந்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான். மருந்து, உரம், ஆள் கூலி, காய் எடுப்பு எதிலும் நான் தலையிட மாட்டேன். ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். ஊற்றுப்பள்ளத்தை மண் போட்டு மூடாதே. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது. மலைப் பாதையில் நேராக ஏற முடியாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் சிலமலைக்காரி. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணறு, மோட்டார், வாய்க்கால். தண்ணீர் ஓடினால் வேலை செய்கிறது, ஒரு இடத்தில் நின்றால் வீணாகிறது என்று நினைத்து வளர்ந்தவள். கல்யாணமான வருடம் உன் அப்பா முதன்முதலாக என்னைப் போடிமெட்டுக்கு மேலே கூட்டிக்கொண்டு போனார். ஏலச் செடிகளுக்கு நடுவே, ஓடை வந்து பரவி நிற்கிற அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். கோரையும் காட்டுச் சேம்பும் மண்டிக் கிடந்தன. தண்ணீர் எங்கே தொடங்குகிறது, தரை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. "கால வச்சுராத, முழங்கால் வரைக்கும் முங்கும். முன்னாடி ஒரு மாடு எறங்கி, கயிறு கட்டி இழுத்தோம்" என்றார் உன் அப்பா. இவ்வளவு இடத்தை ஏன் சும்மா போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "தண்ணி கேக்குது, விட்டுட்டோம்" என்றார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம். அப்போது எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது.

உனக்கு ஆறோ ஏழோ வயது இருக்கும். கோடை விடுமுறைக்கு ஒரு வாரம் மலையில் தங்கினோம். நீ அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் கிடந்து, சர்பத் பாட்டிலில் மீன் குஞ்சுகளைப் பிடித்து வைத்திருந்தாய். நாங்கள் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்புகிற நாளில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாய். காய் எடுத்துவிட்டு இறங்குகிற பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவோ நான்காவதோ, முத்துப்பேச்சி அக்கா கத்தினார்.

"ஆத்தாடி! சேலைக்குள்ள என்னமோ குதிக்குது!"

"பாம்பாக்கா?" என்றான் டிரைவர், வண்டியை நிறுத்தாமலே.

"பாம்பு குதிக்குமாடா கூறுகெட்டவனே, வண்டிய நிறுத்து!"

வண்டி நின்றது. ஜீப் முழுக்கச் சின்னச் சின்னத் தவளைகள். பெண்கள் எல்லாரும் சேலையை உதறிக்கொண்டு ரோட்டில் நின்றார்கள். நீ மட்டும் உள்ளே நின்று அழுதாய். "மிதிச்சிராதீங்க, அது எங்க மீனு!"

"மீனுக்கு ஏது அப்பு காலு?"

"நேத்து வரைக்கும் இல்ல. இன்னைக்குத்தான் வந்துச்சு."

"நல்லவேள. இன்னும் ரெண்டு நாள் வச்சிருந்தா டவுசர் கேட்டுருக்கும்" என்றார் முத்துப்பேச்சி அக்கா. ரோட்டோரம் இருந்த ஒரு நீர்க்கசிவில் எல்லாவற்றையும் பொறுக்கி விட்டபிறகுதான் நீ வண்டியை எடுக்க விட்டாய். இதை உன்னைக் கேலி செய்வதற்காக எழுதவில்லை. தண்ணீருக்குள் வாழ்ந்த ஒன்று கால் முளைத்துத் தரையேறி வருவதைக் கையில் வைத்துப் பார்த்தவன் நம் வீட்டில் நீ ஒருவன்தான். நான் அதைப் பல வருடம் கழித்துப் புத்தகத்தில்தான் படித்தேன்.

தோட்டத்தை நான் பார்த்துக்கொண்ட வருடங்களில் என் மதியச் சாப்பாடு அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான். காய் உலர்த்துகிற ஸ்டோரில் உட்கார்ந்தால் ஆள் மாற்றி ஆள் ஏதாவது கேட்டுக்கொண்டு வருவார்கள். பள்ளத்துப் பக்கம் அட்டைக் கடிக்குப் பயந்து யாரும் வர மாட்டார்கள். தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். கையில் ஒரு புத்தகம் இருக்கும். போகப் போக அதைத் திறப்பது குறைந்துவிட்டது. தண்ணீர் மேல் நடக்கிற பூச்சிகள், கோரைத் தண்டில் ஏறித் தன் பழைய தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிற தட்டான், சேற்று ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற தேனீக்கள். தட்டான் இறக்கை முளைப்பதற்கு முன்னால் நீண்ட காலம் தண்ணீருக்கடியில்தான் வாழ்கிறது, அங்கே கொசுப் புழுவைத் தின்றே வளர்கிறது என்று அங்கே உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஏலப்பூவில் காய் பிடிக்கத் தேனீ வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனால் பங்குனி வெயிலில் அந்தத் தேனீ எங்கே போய்த் தண்ணீர் குடிக்கிறது என்று நம் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் அங்கேதான் பார்த்தேன். கோடையில் பள்ளத்துக்கு மேலே ஓடை நூலாக இளைத்துவிடும். சில வருடம் பாறை மட்டும்தான் மிஞ்சும். பள்ளத்தின் கீழ்முனையில் மட்டும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் எதிர்மாறு. மேலே இருந்து செம்மண் கலந்து சீறி வருகிற வெள்ளம் உள்ளே நுழைந்து, கோரைக்குள் அலைந்து, கீழே தெளிந்து இறங்கும். நம் சரிவில் நாம் கொட்டுகிற உரமும் கரைந்து வருகிற மண்ணும் முதலில் போய்ச் சேருகிற இடம் அதுதான். அந்தச் சேறு அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கோரைக்கும் சேம்புக்கும் ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தண்ணீராகக் கீழே அனுப்புகிறது. நின்றுகொண்டிருக்கிற தண்ணீர் சும்மா நிற்பதாக நினைத்தவள் நான். அது நிற்பதனால்தான் இவ்வளவும் நடக்கிறது. மீன், நண்டு, தவளை, புழு, வேர், சேறு எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. அதில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை அப்படியே நிற்காது. இதை நான் புத்தகத்தில் படித்தபோது தலையை ஆட்டினேன். கண்ணால் பார்த்தது இந்த மாசி மாதம்தான்.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், கேள்.

நீ பொறுப்பெடுத்தபிறகு நடந்த முதல் மருந்தடிப்பு. பள்ளத்துக்கு மேலே ஓடை தேங்குகிற மடுவில் சின்ன மோட்டாரை முக்கி, ஓஸ் வழியாக மேட்டில் இருக்கிற டிரம்முக்குத் தண்ணீர் ஏற்றுவோம். ஓஸின் வாயை டிரம்முக்கு ஒரு முழம் மேலே கிளையில் கட்டித் தொங்கவிடுவது நம் தோட்டத்து வழக்கம். தண்ணீர் மேலிருந்து விழ வேண்டும், ஓஸ் மருந்தைத் தொடக் கூடாது. அன்று நீ மருந்தை முதலிலேயே டிரம்மில் ஊற்றிவிட்டாய். மேலிருந்து விழுந்த தண்ணீரில் நுரை பொங்கி வழிந்தது. மருந்து வீணாகிறதே என்று கட்டை அவிழ்த்து, ஓஸின் வாயை உள்ளே அமுக்கி வைத்தாய். நுரை அடங்கியது. யாராக இருந்தாலும் அந்த நிமிடத்தில் அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்திருக்கும். பிறகு சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போன் பேசப் போனாய். ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள். மலையில் எப்போதும் போல கரண்டு போனது.

திரும்பி வந்த சின்னராசு அண்ணன் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். "ஏலே, முக்கால் டிரம்மு இருந்துச்சு, அடியில கெடக்கு. எவன்டா எடுத்து அடிச்சது?"

"நான் ஒங்ககூடத்தானண்ணே டீ குடிச்சேன்" என்றான் கூட இருந்தவன்.

"அப்ப டிரம்மும் டீ குடிக்கப் போயிருச்சாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சின்னராசு அண்ணன் ஓஸைத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மோட்டார் நின்றதும் ஏறிவந்த வழியாகவே தண்ணீர் திரும்பி இறங்கியிருக்கிறது. போகும்போது டிரம்மிலிருந்த மருந்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மடுவுக்குள் போயிருக்கிறது.

நான் ஸ்டோரிலிருந்து ஓடி வந்தபோது நீயும் பாறையிலிருந்து இறங்கிவிட்டாய். மடு வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது. அயிரை மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. ஆனால் என்னால் மறக்க முடியாதது நண்டுகள். காலடிச் சத்தம் கேட்டாலே கல்லுக்கடியில் மறைகிற நண்டுகள், தண்ணீரை விட்டு ஏறி நம் கால்களுக்கு நடுவே நடந்து போயின. நம்மைக் கண்டு அவற்றுக்கு அப்போது பயமே இல்லை. அதைவிடப் பெரிய பயம் பின்னால் இருந்தது. நீ குனிந்து ஒன்றை எடுத்துப் பாறை மேல் வைத்தாய். அது விழுந்தது. திரும்ப எடுத்து வைத்தாய்.

பள்ளத்துக்குக் கீழே ஏலியாம்மா சேச்சியின் வீடு. பள்ளத்தின் கீழ்முனையிலிருந்து அவர் தொட்டிக்கு ஒரு குழாய் போகிறது. குடிக்க, சமைக்க, மாட்டுக்கு எல்லாம் அந்தத் தண்ணீர்தான். நம் எல்லாருக்கும் அது ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"அம்மா, கம்முனு இருந்துருவோம்" என்றார் சின்னராசு அண்ணன் தணிந்த குரலில். "சொன்னா ஆளு கூடிரும். கேசு, கீசுன்னு ஆகும். ஓடுற தண்ணிதான, போயிரும். கொழாய்ல ஏதோ அடைப்புன்னு சொல்லி, ரெண்டு நாளைக்கு நானே போயி அடைச்சுட்டு வந்துர்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. உன்னைக் காப்பாற்ற நினைத்தார். குழாயையும் அடைத்திருப்பார், சந்தேகமில்லை. நீ என்னைப் பார்த்தாய். "வா" என்று மட்டும் சொன்னேன். கீழே இறங்குகிற வழி முழுக்க, நானே பேசிவிடலாம், நம் ஆட்கள் செய்த தவறு என்று பொதுவாகச் சொல்லிவிடலாம் என்று வாக்கியங்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ அவர் வீட்டுப் படியில் நின்றுவிட்டாய்.

"எந்தா மோனே, ஓடி வர்றீங்க?"

"சேச்சி, தண்ணிக் கொழாய மூடுங்க. மருந்து கலந்துருச்சு. நாந்தான் சேச்சி. ஓஸ உள்ள போட்டுட்டுப் போயிட்டேன்."

அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "வெள்ளத்துல விஷமோ? என்றெ கர்த்தாவே!" தண்ணீரை அவர் வெள்ளம் என்றுதான் சொல்வார். பிறகு தமிழும் மலையாளமும் கலந்து அவர் திட்டிய திட்டில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. நீ தலையைக் குனிந்து நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டாய். குழாயை மூடினாய். மாட்டை அவிழ்த்துத் தொட்டிப் பக்கம் போகாமல் தள்ளிக் கட்டினாய். எல்லாம் முடிந்து மூச்சு வாங்கி உட்கார்ந்தபிறகு அவர் சொன்னார்: "உங்க மேல் தோட்டத்திலேர்ந்து இந்த வெள்ளத்துல எத்தன தடவ என்னென்ன வந்துச்சோ, யாரு கண்டா? வந்து சொன்னது நீ ஒருத்தன்தான் மோனே." கொஞ்சம் கழித்து, "ஒரு கட்டஞ்சாயா தரலாம்னா, வெள்ளத்த நீயே மூடிட்டியே" என்றார். நீ அழுதது அப்போதுதான்.

அதன்பிறகு தினமும் ஜீப்பில் நீயே அவர் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோய் இறக்கினாய். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, பயமில்லை என்று சொன்னபிறகுதான் குழாயைத் திறந்தோம். அவர் தொட்டியில் கொசு வராமல் இருக்க விட்டு வைத்திருந்த பரல் மீன்கள் ஒன்றுகூடச் சாகவில்லை. "கண்டோ, பரலு துள்ளுது" என்று அவர் நம்மைக் கூப்பிட்டுக் காட்டினார். மடுவிலிருந்து நேரே ஒரு வாய்க்கால் அவர் வீட்டுக்கு ஓடியிருந்தால் நாம் ஓடிப்போய்ச் சேர்வதற்கு முன்பே மருந்து போய்ச் சேர்ந்திருக்கும். பள்ளம் அதை நிறுத்தி வைத்தது. பள்ளம்தான் எல்லாவற்றையும் காப்பாற்றியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நீ சீக்கிரம் சொன்னதும் ஒரு காரணம். அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் கீழே ஒரு மீனும் சாகவில்லை, பள்ளத்தின் மேல்பாதியில் ஒன்றுமே மிஞ்சவில்லை. நம்மிடமிருந்து போனதை அது தன் உடம்பில் வாங்கிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் சண்டை போட்டதற்குக் காரணம். மீன் இல்லை, தட்டான் புழு இல்லை, தவளை இல்லை. சில வாரத்தில் மேல்பாதியில் ஒரே ஓர் உயிர் மட்டும் திரும்பி வந்தது: கொசு. அதைத் தின்ன ஆள் இல்லாததால் கோடி கோடியாய்ப் பெருகியது. ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் குழந்தைகள் உடம்பெல்லாம் தடிப்பு. முத்துப்பேச்சி அக்கா உன்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, ஒங்க மருந்து கொசுவுக்கு மட்டும் நல்லா ஒத்துக்கிருச்சுப்போல, கொழுத்துப்போயித் திரியுது" என்று கேலி செய்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரமே நீ ஜேசிபிக்குச் சொல்லிவிட்டாய். மேட்டு மண்ணைத் தள்ளிப் பள்ளத்தை நிரப்பி, நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டி, இரண்டு பக்கமும் செடி வைப்பது. பாசனத்துக்கு, மேட்டில் படுதா விரித்து ஒரு குளம் வெட்டிக்கொள்வது. திட்டம் தெளிவாக இருக்கிறது. மூன்று காரணம் சொன்னாய். கொசு ஒழியும். செடி கூடும். மூன்றாவதாக, "அந்தத் தண்ணி என்ன நம்ம ஊருக்கா வருதும்மா? அங்கிட்டு எறங்கிப் போற தண்ணிக்கு நம்ம எதுக்கு எடம் விடணும்?" என்று கேட்டாய்.

மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நீ சொல்வது உண்மை. மேட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிற மழைதான் நம் போடிக்கு. அந்தப் பக்கம் விழுவது கடைசிவரை கேரளத்துப் பக்கம்தான் போகும். சிலமலைக் கிணற்றுக்கோ ராசிங்காபுரத்து வயலுக்கோ அதில் ஒரு சொட்டும் வராது. நம் வீட்டுச் சோறு அந்தப் பக்கத்து மழையில் விளைகிறது. தாகத்துக்கு மட்டும் இந்தப் பக்கத்துத் தண்ணீர். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நமக்குத் திரும்பி வராத தண்ணீர் என்பதால் நம் பொறுப்பு குறையுமா? எனக்கு அது கூடுவதாகத்தான் படுகிறது. நமக்கு வருகிற தண்ணீராக இருந்தால் பயத்திலாவது பார்த்துக்கொள்வோம்.

கொசுவும் செடியும் அப்படி இல்லை. அவை நல்ல காரணங்கள். கொசுவுக்கு வழி இருக்கிறது. மேல்பாதிதான் செத்திருக்கிறது, கீழ்முனையில் மீனும் தட்டானும் இன்னும் இருக்கின்றன. மருந்தடிப்பை அந்தப் பக்கம் நிறுத்தி வைத்தால் அவை தாமாகவே மேலே ஏறி வரும். எவ்வளவு நாளாகும் என்று எனக்குத் தெரியாது. அதுவரை லயத்து ஜன்னல்களுக்கு வலை அடித்துக் கொடு. அது நாம் செய்ய வேண்டிய கடமையும்கூட. படுதாக் குளத்தை வெட்டிக்கொள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது தண்ணீர் வைக்கிற பாத்திரம். பாத்திரத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவன் இல்லை நீ.

நான் சொல்ல வந்தது இதற்கும் அப்பால் இருக்கிறது. சொல்லத் தயக்கமாக இருக்கிறது. தவறாக இருந்தால் அம்மாதானே என்று விட்டுவிடு. நீ செடிக்காகவோ கொசுவுக்காகவோ அதை மூடவில்லை என்று நினைக்கிறேன். ஸ்டோருக்குப் போக அந்தப் பள்ளத்தின் ஓரமாக ஒரு வழி இருக்கிறது. மாசிக்குப் பிறகு நீ அந்த வழியில் நடக்கவில்லை. மேலே சுற்றிப் போகிறாய். ஆட்கள் சிரித்தால் உன் முகம் மாறுகிறது. போன வாரம் சண்டையில் நீ சொன்ன ஒரு வாக்கியம் என் காதிலேயே இருக்கிறது. "செத்துப்போன எடம்மா அது, அத எதுக்குப் பாத்துக்கிட்டே இருக்கணும்?" இடத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாய். பார்ப்பதைப் பற்றித்தான் சொன்னாய் என்று எனக்குக் கேட்டது.

அப்பு, நம் கண் முன்னால் நாம் கெடுத்த ஒன்று கிடப்பது கஷ்டம்தான். மண் போட்டு மூடினால் கண்ணுக்குத் தெரியாது. மேலே ஏலச் செடி வளரும், சில வருடத்தில் புதிதாக வருகிற ஆட்களுக்கு அங்கே ஒரு பள்ளம் இருந்ததே தெரியாது. ஆனால் அதை மூடும்போது நீ உன் தவறை மட்டும் மூடவில்லை. உயிரோடு இருக்கிற கீழ்ப்பாதியையும் சேர்த்து மூடுகிறாய். இனிமேல் நம் சரிவிலிருந்து எது தப்பி இறங்கினாலும் அதை நிறுத்தி வைக்க இடையில் ஒன்றும் இருக்காது. தவறு இனி நடக்காது என்று நீ சொல்லலாம். நீ செய்ய மாட்டாய்தான். ஆனால் மழை இருக்கிறது, கரண்டு இருக்கிறது, உனக்குப் பின்னால் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

உன்னைத் தடுக்க எனக்கு வழிகள் உண்டு. அப்பாவைப் பேசச் சொல்லலாம், ஜேசிபிக்காரருக்குப் போன் போடலாம், அழலாம். ஒன்றையும் செய்ய மாட்டேன். தடுத்து நிறுத்தினால் பள்ளம் பிழைக்கும். நீ அதன் ஓரமாக நடக்கப் போவதில்லை. நீ நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. என்றைக்காவது அந்த மேல்பாதியில் முதல் அயிரை தெரியும்போது அதைப் பார்க்கிற ஆள் நீயாக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு வேலை கேட்கிறேன். ஜேசிபி ஏறுவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, ஏலியாம்மா சேச்சி வீட்டுக்கு இறங்கு. நான் கூட வர மாட்டேன். உங்கள் வீட்டுக்கு மேலே இருக்கிற பள்ளத்தை நாளைக்கு மூடப்போகிறேன் என்று அவரிடம் நீயே சொல். ஏன் என்று கேட்பார். இந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்கு வருவதில்லை என்ற காரணத்தையும், மற்ற இரண்டையும், என்னிடம் சொன்ன அதே வரிசையில் அவரிடமும் சொல். குழாய்க்கு வேறு வழி செய்து தருகிறேன் என்றும் சொல்லலாம். அவர் ஒருவேளை சரி என்றுகூடச் சொல்லிவிடுவார். உன் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அவர் முகத்தைப் பார்த்து இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு வர உன்னால் முடிந்தால், திங்கட்கிழமை வண்டி ஏறட்டும். அதற்குப் பிறகு இந்தப் பள்ளத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் சரி, மனத்துக்குள்ளும் சரி.

ஆனால் அன்றைக்கு அந்தப் படியில் நின்று, யாரும் கேட்காமலே "நாந்தான் சேச்சி" என்று சொன்ன வாயால் இதைச் சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அந்தச் சந்தேகம் ஒன்றுதான் எனக்குத் தைரியம்.

அம்மா